இரு கண், ஓர் உடம்பு

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் உடம்பில் தங்கிவிட்டால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடத் தொடங்கும். அதை ஈடுகட்டப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலுவில்லாதவை. எளிதில் உடைந்து ரத்தம் கசியும், பார்வை மங்கும், சிலருக்கு முற்றிலும் போய்விடும். வலுவான ஒளிக்கற்றையை விழித்திரையில் பாய்ச்சி அங்கங்கே சுடும் சிகிச்சை 1970களின் தொடக்கத்திலேயே இருந்தது. அது பார்வையைக் காக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. திடமான சான்றுதான் இல்லை.

சான்று தேடி அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. 1972 முதல் 1975 வரை 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை தரப்பட்டது. மறு கண் அப்படியே விடப்பட்டது. எந்தக் கண்ணுக்குச் சிகிச்சை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல் முறை தீர்மானித்தது. பிறகு சீரான இடைவெளியில் இரு கண்களையும் சோதித்து, எது எப்போது பார்வை இழக்கிறது என்று குறித்துவந்தார்கள்.

அந்த நோயாளிகளில் ஆபத்து மிகுந்த 197 பேரின் பதிவுகள் இன்றும் உலகெங்கும் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாகப் பயன்படுகின்றன. 197 பேர், 394 கண்கள். சிகிச்சை பெற்ற 197 கண்களில் 54 பார்வை இழந்தன. சிகிச்சை பெறாத 197 கண்களில் 101 பார்வை இழந்தன.

வித்தியாசம் பெரியது என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எவ்வளவு உறுதியாக இதைச் சொல்லலாம்? நம் கையில் இருப்பது 394 சாட்சிகளா, 197 சாட்சிகளா? ஒரே உடம்பில் ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை, ஒரே மரபு. அப்படியிருக்க இரு கண்களையும் இரண்டு தனித்தனி ஆட்கள் போல எண்ணுவது சரியா? ஒரு புள்ளியியல் துறையே இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. அந்தத் துறையின் அடிப்படைகளை, கணிதக் குறியீடு இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், காலம்

சாதாரண ஆய்வுகள் "நடந்ததா, இல்லையா" என்று கேட்கும். உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு என்னும் புள்ளியியல் முறை "எப்போது நடந்தது" என்று கேட்கிறது. பெயரில் உயிர் இருந்தாலும் மரணம் மட்டுமே இதன் பொருள் என்று நினைக்க வேண்டாம். பார்வை போவது, மாற்றுச் சிறுநீரகம் செயலிழப்பது, பல் விழுவது, பம்பு செட்டு மோட்டார் எரிந்துபோவது எல்லாமே இதில் அடங்கும். ஒரு தொடக்கம், ஒரு நிகழ்வு, நடுவில் ஒரு காலம். இவ்வளவுதான் தேவை.

இங்கே ஒரு சிக்கல் உடனே வருகிறது. ஆய்வு முடியும் நாளில் பலருக்கு அந்த நிகழ்வு நடந்திருக்காது. சிலர் நடுவில் ஊர் மாறிப் போயிருப்பார்கள். சிலர் வேறு காரணத்தால் இறந்திருப்பார்கள். இவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது "இந்த நாள்வரை நடக்கவில்லை" என்பது மட்டும். இப்படிப் பாதியில் நின்ற பதிவுகளை என்ன செய்வது?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே எழுதிக்கொண்ட எண்கள் இவை. 5 பேர், 10 கண்கள். 8ஆம் மாதம் ஒரு கண் பார்வை இழக்கிறது. 12ஆம் மாதம், இரு கண்ணும் நன்றாக இருக்கும் ஒருவர் ஊர் மாறிப் போகிறார். 20ஆம் மாதம் இன்னொரு கண் பார்வை இழக்கிறது. 20 மாதம் கடந்தும் ஒரு கண் பார்வையோடு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

ஊர் மாறியவரின் இரு கண்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் 8 கண்களில் 6 தப்பின: 75 சதவீதம். அவை கடைசிவரை நன்றாகவே இருந்தன என்று வைத்துக்கொண்டால் 10இல் 8: 80 சதவீதம். முதலாவது கணக்கு அந்த மனிதர் தந்த 12 மாதத் தகவலைக் குப்பையில் போடுகிறது. இரண்டாவது கணக்கு தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு இழப்பு நடக்கும்போதும் "இந்த நொடியில் கண்காணிப்பில் இருப்பவை எத்தனை, அவற்றில் தப்பியவை எத்தனை" என்று மட்டும் கேட்பது. 8ஆம் மாதம் 10 கண்கள் இருந்தன, 9 தப்பின: 0.9. அதன் பின் இருவிழிகளோடு ஒருவர் போய்விட, மிச்சம் 7. 20ஆம் மாதம் அந்த 7இல் 6 தப்பின: சுமார் 0.857. இரண்டையும் பெருக்கினால் 0.771, அதாவது 77 சதவீதம். போனவர் இருந்தவரை கணக்கில் இருந்தார், போன பின் இல்லை. எவரையும் அழிக்கவுமில்லை, எவருக்காகவும் கற்பனை செய்யவுமில்லை.

இந்த முறைக்குக் கப்ளான்–மேயர் முறை என்று பெயர். எட்வர்ட் கப்ளானும் பால் மேயரும் ஒருவரையொருவர் அறியாமல் ஏறத்தாழ ஒரே கருத்தைத் தனித்தனிக் கட்டுரைகளாக எழுதி ஒரே இதழுக்கு அனுப்பினார்கள். சேர்ந்து எழுதுங்கள் என்று இதழாசிரியர் கேட்டுக்கொண்டார். வேறுபாடுகளைத் தீர்த்து ஒரே கட்டுரையாக்க அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1958இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று.

அடுத்த பெரிய அடி 1972இல். பிரிட்டனின் டேவிட் காக்ஸ் "ஆபத்து வீதம்" என்ற கருத்தை மையமாக்கினார். இன்றுவரை தப்பித்துவிட்ட ஒரு கண், இந்த நொடியில் பார்வை இழக்கும் வேகமே ஆபத்து வீதம். காலப்போக்கில் அது ஏறலாம், இறங்கலாம். அதன் வடிவம் நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை, சிகிச்சை அந்த வீதத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதை மட்டும் தனியே பிரித்து எடுக்கலாம் என்று காட்டினார். மருத்துவ ஆய்வுகளில் நாம் படிக்கும் "ஆபத்து பாதியாகக் குறைந்தது" என்பது போன்ற வாசகங்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் காக்ஸின் முறை இருக்கிறது.

ஒரே வீட்டுச் சாட்சிகள்

கப்ளான்–மேயர் வளைகோட்டைச் சுற்றிப் போடும் பிழை எல்லைகளானாலும் சரி, விடை எவ்வளவு தடுமாறலாம் என்பதை அளக்கக் காக்ஸ் முறை தரும் திட்டப்பிழையானாலும் சரி, ஒரு பதிவு இன்னொரு பதிவைச் சாராதது என்று எடுத்துக்கொண்டே கணிக்கப்படுகின்றன. ஊர்ப் பஞ்சாயத்தில் நான்கு பேர் சாட்சி சொன்னால் வலு அதிகம். அந்த நால்வரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டு ஒரே திண்ணையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்றால், யாரும் அதை நான்கு சாட்சி என்று எண்ண மாட்டார்கள். ஒன்றுக்கு மேல் இருக்கலாம், நான்குக்குக் குறைவு.

தரவில் இது எப்படித் தெரியும்? 1991இல் மெக்கில்கிறிஸ்ட், ஐஸ்பெட் இருவரும் வெளியிட்ட சிறுநீரக நோயாளிகளின் பதிவு ஒன்று இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 38 பேருக்குக் குழாய் செருகிய இடத்தில் தொற்று வர எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை குறித்திருக்கிறார்கள். தொற்று வந்ததும் குழாயை எடுத்து, குணமான பின் மறுபடி செருகி, மறுபடி எண்ணியிருக்கிறார்கள். தொற்றில்லாமல் வேறு காரணத்துக்காகக் குழாயை எடுத்திருந்தால் அது பாதியில் நின்ற பதிவு.

ஒருவருக்கு முதல் முறை 8 நாள், இரண்டாம் முறை 16 நாள். இன்னொருவருக்கு 7 நாள், 9 நாள். வேறொருவருக்கு 447 நாள், 318 நாள். முதல் எண்ணைப் பார்த்தே இரண்டாவது சிறியதா பெரியதா என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. எப்போதுமல்ல, 511 நாள் தாங்கிய ஒருவருக்கு அடுத்த முறை 30 நாளிலேயே தொற்று வந்துவிட்டது. ஆனாலும் ஒரே ஆளின் இரண்டு எண்களுக்கு நடுவே ஓர் இழை ஓடுகிறது. இப்படி இழையோடும் பதிவுகளின் கூட்டத்தைத்தான் கொத்து என்கிறோம். ஒரு வாயின் பற்கள், ஒரு தாயின் குழந்தைகள், ஒரு ஊரின் மக்கள், ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் எல்லாம் கொத்துகளே.

இழை மெல்லியதாக இருந்தாலும் விளைவு பெரிதாகலாம். ஒவ்வொரு ஊரிலும் 20 குழந்தைகள் வீதம் 50 ஊர்களில் 1,000 குழந்தைகளைக் கவனிக்கிறோம் என்று வையுங்கள். ஒரே ஊர்க் குழந்தைகளுக்கு நடுவே ஒட்டுறவு, தொடர்பே இல்லையென்றால் 0, முழு ஒற்றுமை என்றால் 1 என்ற அளவில், வெறும் 0.05. கருத்துக்கணிப்புகளில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, 20இலிருந்து 1 குறைத்து, 0.05ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும்: 1.95. ஆயிரத்தை அதனால் வகுத்தால் 513. ஊரையே அலகாகக் கொண்டு சிகிச்சை தரும் சோதனையில், ஆயிரம் குழந்தைகள் தரும் தகவல் தொடர்பில்லாத 513 குழந்தைகள் தரும் தகவலுக்குத்தான் சமம். பாதியில் நின்ற பதிவுகள் உள்ள காலத் தரவுக்கு இது தோராயம்தான். ஆனாலும் பாதிச் சான்று ஆவியாகிப்போவதைக் கண்ணால் காட்டிவிடுகிறது.

இழுப்புகளைக் கூட்டிப் பார்ப்பது

முதல் தீர்வு எளிமையானது. காக்ஸ் முறையை அப்படியே பயன்படுத்தி, விடையின் உறுதியை மட்டும் வேறு விதமாக அளப்பது. 1989இல் லின், வெய் இருவரின் கட்டுரையும், 1992இல் லீ, வெய், அமேட்டோ மூவரின் கட்டுரையும் இதை நிறுவின.

ஒவ்வொரு பதிவும் இறுதி விடையைக் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. சிகிச்சை பெற்ற கண் சீக்கிரம் பார்வை இழந்தால் அது "பயனில்லை" என்ற பக்கம் இழுக்கும். சிகிச்சை பெறாத கண் சீக்கிரம் பார்வை இழந்தால் "பயன் உண்டு" என்ற பக்கம் இழுக்கும். இந்த இழுப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றனவோ அவ்வளவு நிச்சயமின்மை. சிதறலை அளக்க ஒவ்வொரு இழுப்பையும் வர்க்கமாக்கிக் கூட்டுவார்கள்.

ஒரு கொத்தில் இரண்டு பதிவுகள், இழுப்பு +2, +2 என்று வையுங்கள். தனித்தனியே வர்க்கமாக்கினால் 4, 4, கூட்டினால் 8. இரண்டும் ஒரே கொத்து என்று ஏற்று, முதலில் கூட்டிப் பிறகு வர்க்கமாக்கினால் 4இன் வர்க்கம் 16. நிச்சயமின்மை ஏறிவிட்டது. இப்போது இழுப்பு +2, −2 என்று இருக்கட்டும். தனித்தனியே என்றால் அதே 8. முதலில் கூட்டினால் பூஜ்யம். நிச்சயமின்மை இறங்கிவிட்டது.

முதலில் கொத்துக்குள் கூட்டு, பிறகு வர்க்கமாக்கு. முறையின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. இதன் சூத்திரத்தில் இரு பக்கமும் ஒரே உறுப்பு, நடுவில் இந்தக் கூட்டுத்தொகை. ரொட்டிக்கு நடுவே பண்டம் வைத்தாற்போல் இருப்பதால் புள்ளியியலாளர்கள் இதைச் சாண்ட்விச் மதிப்பீடு என்கிறார்கள்.

இந்த +2, −2 கணக்கு, பாடம் படிப்பவர்களே அடிக்கடி தவறவிடும் ஓர் உண்மையைச் சொல்கிறது. கொத்தைக் கவனிக்காவிட்டால் எப்போதும் உறுதியை மிகையாகச் சொல்லிவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

இரு திசைகள்

முதல் திசைக்குத் தமிழ்நாட்டிலேயே புகழ்பெற்ற ஒரு சோதனை உண்டு. திருச்சி மாவட்டத்து ஊர்களில் பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளுக்கு ஓராண்டுக் காலம் வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் சத்து கொடுத்தார்கள். மதுரையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏயும் ஈயும், மறு பிரிவுக்கு ஈ மட்டும். ஊர்த் தொண்டர்கள் வாரா வாரம் வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்தாகக் கொடுத்தார்கள். ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்தன. விபத்தைத் தவிர்த்தால் 117. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பின் ஆபத்து மற்றதில் பாதிக்கும் குறைவாக, 0.46 என்ற விகிதத்தில் இருந்தது. அதன் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 0.30 முதல் 0.71 வரை.

இப்படி வீடு வீடாகக் கொடுக்கும் சோதனையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே சீட்டுப் போடுவது கடினம். பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் குலுக்குவார்கள். ஒரு பகுதியில் குடிநீர் மோசம், அங்கே தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் பரவுகின்றன என்று வையுங்கள். அந்தப் பகுதிக் குழந்தைகள் எல்லோரும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். அவர்களுடைய துயரம் எல்லாம் சேர்ந்து விடையை ஒரே பக்கம் இழுக்கும். +2, +2, +2. இங்கே கொத்தை மறந்தால் நம் உறுதி பொய்யாக ஏறும். பயனில்லாத மருந்தும் பயனுள்ளதாகத் தோன்றும்.

இரண்டாம் திசை, கண் சோதனை. உடம்பு மிகவும் கெட்ட ஒருவருக்கு இரு கண்ணும் சீக்கிரம் பார்வை இழக்கின்றன. சிகிச்சை பெற்ற கண் "பயனில்லை" என்று இழுக்கும், பெறாத கண் "பயன் உண்டு" என்று இழுக்கும். உடம்பின் கேடு இரண்டுக்கும் பொது என்பதால் இழுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. +2, −2. எஞ்சி நிற்பது சிகிச்சையின் விளைவு மட்டும்.

எண்களிலும் இது தெரிகிறது. அந்த 394 கண்களுக்குக் காக்ஸ் முறை தரும் ஆபத்து விகிதம், அதாவது சிகிச்சை பெற்ற கண்ணின் ஆபத்து வீதத்தைப் பெறாத கண்ணின் வீதத்தால் வகுத்தால் வருவது, சுமார் 0.46. கண்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் திட்டப்பிழை, மடக்கை அளவில், சுமார் 0.17. கொத்தாக எண்ணினால் சுமார் 0.15. சரியாக எண்ணியதால் நிச்சயமின்மை குறைந்தது. எதிர் உதாரணமாக நிற்கும் இந்தச் சிறு வித்தியாசம், தரவை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டியதற்குச் சமம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "கொத்து இருக்கிறதா" என்பதோடு முடிவதில்லை. ஒப்பிடும் இரண்டும் ஒரே கொத்துக்குள் இருக்கின்றனவா, வெவ்வேறு கொத்துகளில் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். அதே கண் சோதனையில், சிறுவயதில் சர்க்கரை வந்தவர்களையும் பெரியவரான பின் வந்தவர்களையும் ஒப்பிட்டால் கதை மாறும். ஒருவரின் இரு கண்ணும் ஒரே பக்கம் நிற்பதால் இழுப்புகள் ஒன்றுசேரும்.

ஜோடிக்குள் மட்டும் பார்ப்பது

இரண்டாம் வழி, ஒவ்வொருவரின் இரு கண்களையும் அவரோடு மட்டும் ஒப்பிடுவது. இவருடைய இரு கண்களில் முதலில் பார்வை இழந்தது எது? சிகிச்சை பெற்றதா, பெறாததா? 197 பேரையும் 197 தனித்தனி ஓட்டப் பந்தயங்களாக வைத்து, ஒவ்வொன்றிலும் யார் தோற்றார் என்று மட்டும் எண்ணுகிறோம். அடுக்குக் காக்ஸ் முறை என்பது இதுதான். ஒருவரின் உடம்புக்கே உரிய எல்லா வேறுபாடுகளும் இதில் தாமாகவே கழிந்துபோகும்.

விலையும் உண்டு. இரு கண்ணும் கடைசிவரை நன்றாக இருந்தவர்கள் இந்தக் கணக்கில் ஒரு வார்த்தையும் பேச மாட்டார்கள். வயது, நோய் வந்த பருவம் போன்று இரு கண்ணுக்கும் பொதுவானவற்றைப் பற்றி இந்த முறையால் எதுவும் சொல்லவும் முடியாது.

நலிவு என்ற மறைந்த எண்

மூன்றாம் வழியே ஆழமானது. வைகாசிக் காற்றில் மாமரத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், காம்பு இற்ற காய்கள் முதலில் விழும். முதல் நாள் காற்றில் கூடை நிறையும். அதே வேகத்தில் மறுநாளும் காற்று அடிக்கும், காய்கள் அவ்வளவு விழாது. காற்று தணிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. எளிதில் விழக்கூடியவை முன்பே விழுந்துவிட்டன.

1979இல் ஜேம்ஸ் வோபல், கென்னத் மேன்டன், எரிக் ஸ்டாலார்டு மூவரும் மக்கள்தொகையின் இறப்பு விகிதங்களில் இதையே சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நலிவு எண் இருக்கிறது. 1 என்றால் சராசரி, 2 என்றால் எல்லா வயதிலும் ஆபத்து இரு மடங்கு, 0.5 என்றால் பாதி. நலிந்தவர்கள் முன்னே போய்விடுவதால், மிஞ்சியவர்களின் கூட்டம் நாளாக ஆக வலுவானவர்களால் நிரம்புகிறது. ஒரு மக்கள்கூட்டத்தின் ஆபத்து வீதம் குறைவது போலத் தெரியலாம். அதில் எந்த ஒரு மனிதரின் ஆபத்தும் குறைந்திருக்காது. அதற்கு ஓராண்டு முன்பே, 1978இல், டேவிட் கிளேட்டன் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே நோய் வருவதன் தொடர்பை ஆராய இதற்கு நெருங்கிய மாதிரியை அமைத்திருந்தார்.

கொத்துகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஒரு கொத்தின் உறுப்புகள் எல்லாம் ஒரே நலிவு எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன என்று வைக்கிறோம். சிறுநீரக நோயாளியின் இரு தொற்றுகளுக்கும் ஒரே எண். ஒரு தாயின் குழந்தைகளுக்கு எல்லாம் ஒரே எண். 1992இல் குவோவும் ரோட்ரிகஸும் குவாத்தமாலாவின் குழந்தை இறப்புத் தரவை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். யாருக்கு எந்த எண் என்று நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் அந்த எண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைத் தரவு காட்டிக்கொடுக்கும். பரவல் பூஜ்யத்தை நெருங்கினால் கொத்து என்பது பெயருக்குத்தான். பரவல் பெரிதானால், நாம் அளக்காத ஏதோ ஒன்று குடும்பத்திலோ உடம்பிலோ ஒளிந்திருக்கிறது.

சாண்ட்விச் முறை ஒட்டுறவைத் தொந்தரவாகக் கருதி விடையின் உறுதியைத் திருத்துகிறது. நலிவு மாதிரி அந்த ஒட்டுறவையே ஆராயும் பொருளாக்குகிறது. ஏன் சில குடும்பங்களில் மட்டும் குழந்தைகள் அடுத்தடுத்து இறக்கின்றன என்று கேட்பவருக்கு இரண்டாவதே வேண்டும்.

இரண்டு முறைகளின் விடைகளும் ஒரே எண்ணாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நலிவு மாதிரி "இதே மனிதருக்குச் சிகிச்சை தந்தால் அவருடைய ஆபத்து எவ்வளவு குறையும்" என்கிறது. மற்றது "மக்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு குறையும்" என்கிறது. நலிவு மாதிரியின் விடையே பொதுவாகப் பெரிய விளைவைக் காட்டும். காரணம் மாங்காய்க் கதைதான்: சிகிச்சை பெறாத பக்கத்தில் நலிந்தவர்கள் சீக்கிரம் விழுந்துவிட, மிச்சமிருப்போர் வலுவானவர்கள், அவர்களோடு ஒப்பிடும்போது சிகிச்சையின் பயன் நாளாக ஆகச் சிறுத்துத் தெரியும். மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு முதலாவது பதில். திட்டம் தீட்டும் சுகாதாரத் துறைக்கு இரண்டாவது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

சாண்ட்விச் முறை கொத்துகளின் எண்ணிக்கையை நம்பி நிற்பது. 197 நோயாளிகள் போதும். ஆனால் பத்துப் பன்னிரண்டு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் இருந்தாலும், கொத்துகள் பத்துப் பன்னிரண்டுதான். அங்கே இந்த முறை தரும் திட்டப்பிழை உண்மையைவிடச் சிறிதாக வர வாய்ப்புண்டு. தனித் திருத்தங்கள் செய்யாமல் நம்பக் கூடாது.

நலிவு மாதிரியிலோ ஒரே ஒரு கொத்து கணக்கைச் சாய்த்துவிடலாம். முன்னே சொன்ன சிறுநீரகத் தரவில் ஆண்கள் பெரும்பாலும் சீக்கிரம் தொற்றுக்கு ஆளானார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் 152 நாளும் 562 நாளும் தாங்கினார். அந்தத் தரவில் தெரியும் நலிவுப் பரவலின் பெரும்பங்கு அந்த ஒருவரைச் சார்ந்தே நிற்கிறது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். கணினி தரும் எண்ணை எடுத்துக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு கொத்தையும் ஒரு முறை முகம் பார்ப்பது நல்லது.

கொத்தின் அளவே சில நேரம் செய்தி சொல்லும். பற்களை ஆராயும்போது, வாயில் ஆறு பல் மட்டும் மிஞ்சியவரையும் முப்பது பல் உள்ளவரையும் எண்ணிப் பாருங்கள். பல் குறைவாக இருப்பதற்குக் காரணமே அவருடைய ஈறு நோய். பல் பல்லாக எண்ணினால் நல்ல வாய்களின் குரலே ஓங்கும். நோயுற்ற வாய்கள் ஒடுங்கிவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் சமமான எடை தந்து கணக்கிட்டால் இது சரியாகும்.

பாதியில் நின்ற பதிவுகளும் கொத்தாகவே நிற்கும். நம் சிறு கணக்கில் ஊர் மாறியவர் இரு கண்ணையும் சேர்த்தே கொண்டுபோனார். பார்வை மங்கி, வர முடியாமல் அவர் நின்றிருந்தால் கப்ளான்–மேயர் தந்த 77 சதவீதமும் தவறாகிவிடும். ஏன் நின்றார் என்று விசாரிக்காமல் எந்தச் சூத்திரமும் இதைச் சரிசெய்யாது.

வாசகர் கையில்

மருத்துவச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது எத்தனை பதிவுகள் என்பதோடு நிற்காமல் எத்தனை ஆட்கள், எத்தனை குடும்பங்கள், எத்தனை ஊர்கள் என்று கேளுங்கள். ஒப்பீடு ஒரே ஆளுக்குள் நடந்ததா, வெவ்வேறு ஆட்களுக்கு நடுவிலா என்று கேளுங்கள். பாதியில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை தராத ஆய்வு, எத்தனை பெரிய எண்ணைக் காட்டினாலும், சாட்சியைச் சரியாக எண்ணாத ஆய்வுதான்.

கண் சோதனையின் முடிவைச் சொல்லி முடிக்கிறேன். சிகிச்சை கடும் பார்வை இழப்பின் ஆபத்தைப் பாதியோ அதற்கு மேலோ குறைக்கிறது என்று 1976இலேயே தெளிவாகிவிட்டது. உடனே ஆய்வின் விதியை மாற்றினார்கள். அதுவரை சும்மா விடப்பட்டிருந்த மறு கண்ணுக்கும், ஆபத்து அதிகம் என்றால், சிகிச்சை தரலாம் என்றார்கள். விதியை மாற்றாமல் சோதனையை நீட்டியிருந்தால் அந்த மறு கண்கள் அவ்வளவு காலமும் காத்திருந்திருக்கும்.

சரியாக எண்ணுவது பொய்யான உறுதியிலிருந்து நம்மைத் தடுக்கிறது. ஒரே உடம்பின் இரு கண்களை ஒன்றாக எண்ணிய இடத்தில் அது உண்மையான உறுதியையும் முன்கூட்டியே தருகிறது. அப்படி ஒரு மாதம் முன்னதாக விடை தெரிந்தால், அந்த ஒரு மாதம் யாரோ ஒருவரின் பார்வைக்குக் கிடைத்த மாதம்.